காலடியில் காயும் மணல்

தனுஷ்கோடியில் அலை வழிந்துபோன ஈர மணலில் காலை அழுந்த வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்துபோகும். காலை எடுத்ததும் தடத்தில் தண்ணீர் கசிந்து நிற்கும். மிதித்தால் தண்ணீர் பிதுங்கி மேலேதானே வர வேண்டும்? உள்ளே போனது ஏன்?

1885-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதற்கு விடை சொன்னார். அலை அலசி அலசிப் படியவைத்த மணல் நெருக்கமானது. அதில் ஒரு மணல்மணி நகர வேண்டுமானால் பக்கத்து மணியின் முதுகில் ஏறித்தான் இறங்க வேண்டும். எல்லா மணியும் அப்படி ஏறும்போது இடுக்குகள் பெரிதாகின்றன. மேலே நின்ற தண்ணீரை அவை இழுத்துக்கொள்கின்றன. மிதித்தால் சுருங்காமல் விரிகிற பொருள் இது. களிமண்ணை மட்டும் பிசைந்து பழகிய கைக்கு நம்பக் கடினம்தான்.

நாலடி மேலே, காற்று கொட்டிய மணலில் நடந்தால் கணுக்கால் வரை புதைகிறது. அது பொலபொலப்பானது; நகர்ந்தால் இடுக்குகளுக்குள் விழுந்து சுருங்கும். இரண்டையும் விடாமல் நழுவவைத்தால் கடைசியில் ஒரே நெருக்கத்துக்கு வந்து சேரும் என்று மண்ணியல் பொறியாளர் ஆர்தர் காசகிராண்டே 1936-ல் எழுதினார்.

கொத்தனாருக்கு இதில் பாதி தெரியும். எங்கள் வீட்டுத் தரைக்கு மணல் நிரப்பியபோது, மேலே நின்று மிதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "மிதிச்சு ஒண்ணும் ஆகாதுண்ணே, தண்ணிய விட்டுத் திமிசு போடணும்" என்றார். திமிசு என்பது தரையை இடித்து இறுக்கும் கட்டை. அவர் சொன்னது சரிதான். படியில் அரிசியை உள்ளங்கையால் அழுத்தினால் இறங்குவதில்லை, தட்டினால் இறங்குகிறது. அழுத்தும்போது மணிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அதிர்வு அந்தப் பிடியைத் தளர்த்துகிறது.

அந்தப் பிடியும் எல்லா மணிக்கும் சமமில்லை. சப்பரம் தூக்கும்போது சிலர் தோளில் பாரம் இறங்கும், சிலர் சும்மா கை வைத்து நடப்பார்கள் அல்லவா? மணலுக்குள்ளும் அப்படியே. சங்கிலி சங்கிலியாகச் சில மணிகள்தான் பாரத்தின் பெரும்பங்கைச் சுமக்கின்றன. சங்கிலி வளைந்து சரிந்தால் பாரம் வேறு மணிகளுக்கு மாறும். நமக்கு அது தரை இறங்குவதாகத் தெரியும்.

சுமக்கிற மணியே நொறுங்கினால்? இங்கேதான் நம் கரை தனித்து நிற்கிறது. மண்டபம் கரையில் ஒரு பிடி மணல் அள்ளி வினிகர் விடுங்கள். (மன்னார் வளைகுடாத் தீவுகளில் வேண்டாம், அவை தேசியப் பூங்கா.) நுரைக்கிற துகள்கள் கிளிஞ்சலும் பவளமும், அதாவது சுண்ணாம்பு, நுரைக்காதவற்றில் பெரும்பாலானவை குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சுண்ணாம்புக் கனிமங்கள் 3 முதல் 4 வரை. அதோடு கிளிஞ்சல் துண்டு தட்டை, சில துகள்கள் உள்ளே பொள்ளல். வீட்டுப் பாரத்துக்குக் குவார்ட்ஸ் மணி உடைவது அபூர்வம். கிளிஞ்சல் மணலோ அதைவிட எவ்வளவோ குறைந்த அழுத்தத்திலேயே முனை முறியத் தொடங்கும்.

1980-களில் மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் நார்த் ராங்கின் எரிவாயு மேடைக்கு எஃகுத் தூண்களை அடித்து இறக்கினார்கள். அடிக்குப் பதில் சொல்லாமல், சில தூண்கள் தம் எடையிலேயே பல மீட்டர் இறங்கிவிட்டன. அடியில் இருந்தது சுண்ணாம்பு மணல். அடிக்க அடிக்கத் தூணை ஒட்டிய மணிகள் பொடிந்து, கன அளவு குறைந்து, தூணைப் பக்கவாட்டில் நெருக்கிய அழுத்தம் விட்டுப்போனது. நெருக்கம் போனால் உராய்வும் போச்சு. இப்படிப்பட்ட மண்ணில் தூணை அடிப்பதை விட்டுத் துளையிட்டு இறக்கி, சுற்றிலும் சிமென்ட் குழம்பை நிரப்புவது அதன்பின் வழக்கமாயிற்று.

நொறுங்குவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய மணிதான் முதலில் போகும் என்று நினைப்போம். அதில் விரிசல்கள் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் பொடி சேரச் சேர, தப்பிய பெரிய மணியைச் சுற்றி நூறு சின்ன மணிகள் தாங்குகின்றன. பாரம் ஒரே புள்ளியில் குத்துவதில்லை. உமிக்குள் புதைத்த முட்டை மாதிரி அது முழுசாகக் கிடக்கும்.