அக்சிலரேற்றரை மிதித்தால் மட்டும் கீச்சிடும் கார்

பிரேக் பிடிக்கவில்லை, ஏசி குளிரவில்லை என்றால் கராஜில் கொண்டுவந்து காட்டிவிடலாம். சத்தம் அப்படியல்ல. கிருலப்பனையிலிருந்து கீச்சிட்டுக்கொண்டே வந்த கார், மெக்கானிக்கின் முன்னால் நிறுத்தியதும் பரமசாதுவாகிவிடும். உரிமையாளர் வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார். பக்கத்தில் நிற்பவர் "அது பெல்ட்தான்" என்பார். பெல்ட் மாறும். அடுத்த கிழமை பிளக் மாறும், அதற்கடுத்து மவுண்ட். பில்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் பலர் இந்த வழியால் வந்தவர்கள்தான்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தை வரவழைத்துக் காட்டி, பிறகு அதை நிறுத்தியும் காட்ட முடியாதவரிடம் எந்தச் சாமானையும் மாற்றக் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

இந்தத் தொல்லை இப்போது கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தாலும் விலை எட்டாத உயரத்தில். இருந்த காரையே எல்லோரும் இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். மீற்றரில் கிலோமீற்றர் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் வயதுக்கு இறுகிவிடும். அதோடு மரீன் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று வேறு.

சரி, நின்றால் இல்லாத சத்தம் மிதித்தால் மட்டும் ஏன் வருகிறது? மிதிக்கும்போது காரில் ஒரே நேரத்தில் பல காரியம் நடக்கிறது. ஏசி, வோட்டர் பம்ப், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் அல்டர்னேற்றர் இவற்றை என்ஜினோடு சேர்த்துச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட்டில் இழுவை கூடுகிறது. என்ஜின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளில் சாய்கிறது. அதோடு சேர்ந்து சைலன்சர் குழாயின் முன்பகுதியும் இழுபடுகிறது. புகை போகும் எக்ஸோஸ்டில் அழுத்தம் ஏறுகிறது. காரின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்கிறது. உங்கள் முதுகு சீற்றை அழுத்துகிறது. இவற்றில் எதிலிருந்தும் கீச்சு வரலாம். அப்படியிருக்க, கேட்டதும் "பெல்ட்தான்" என்பது லொத்தர் சீட்டுக் கிழிக்கிற வேலை.

நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். சத்தம் என்ஜின் வேகத்தோடு போகிறதா, சில்லின் வேகத்தோடு போகிறதா? காரை பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, மெதுவாக ரேஸ் பண்ணுங்கள். சத்தம் வந்தால் என்ஜின் பக்கம். வராவிட்டால் என்ஜின் தப்பியது என்று அர்த்தமில்லை. சும்மா சுற்றும் என்ஜின் வேறு, ஐந்து பேரை இழுக்கும் என்ஜின் வேறு. அதனால் அடுத்தது ரோட்டில். ஒரே 40இல் போய்க்கொண்டு, கியரை மட்டும் கீழே ஒன்று இறக்குங்கள். என்ஜின் வேகமாகச் சுற்றும், சில்லு பழைய வேகத்திலேயே சுற்றும். கீச்சின் தாளமும் கூடினால் என்ஜின், அப்படியே இருந்தால் சில்லு, ஷாஃப்ட், பிரேக் பக்கம். இந்தச் சின்ன வேலை பாதி சந்தேகத்தைக் கழித்துவிடும். காசும் இல்லை.

ஓடிக்கொண்டு கேட்பதற்குக் கொழும்பில் நல்ல இடம் காலி வீதி அல்ல. அங்கே பஸ் ஹோர்ன்தான் கேட்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் உயர்ந்த மதில்கள் இருக்கும். காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு மதிலை ஒட்டினாற்போல் மெதுவாகப் போய் கொஞ்சம் மிதியுங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் சத்தம், பொனட்டுக்குள் எவ்வளவு உற்றுக் கேட்டாலும் கிடைக்காத தெளிவோடு காதில் விழும். எந்தப் பக்கம் என்பதும் பிடிபடும். கடைத்தொகுதிகளின் நிலக்கீழ் பார்க்கிங்கில் ஏறும் சரிவு இன்னும் நல்லது. மதிலும் உண்டு, ஏற்றமும் உண்டு.

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குற்றம் பெல்ட்டில் இருக்கிறதோ இல்லையோ, பழி முதலில் அதன்மேல்தான் விழும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு டீச்சர் தன் டொயோட்டா விட்ஸைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் ஏற்கெனவே இரண்டு பெல்ட் மாற்றியாயிற்று.

"தம்பி, புது பெல்ட் போட்டு ஒரு மாசம்கூட இல்லை. திரும்பக் கத்துது. பள்ளிக்கூடக் கேற்றுக்குள்ள போகேக்க பிள்ளையள் எல்லாம் திரும்பிப் பாக்குதுகள்."

"எப்ப கூடக் கத்தும் டீச்சர்?"

"சிக்னல்ல நிண்டு வெளிக்கிடேக்க. ஏசி போட்டா இன்னும் மோசம்."

ஏசி போட்டால் கூடுகிறது என்ற அந்த ஒரு சொல் போதும், பெல்ட் ஓடும் பக்கம் போக. ஆனால் பெல்ட் என்று முடிவு கட்டப் போதாது. ஒரு ஸ்பிரே போத்தலில் தண்ணீர் எடுத்து, ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் லேசாக அடித்தேன். அடித்ததும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கம் போதாது. அடித்ததும் அடங்கி, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களில், அதாவது புல்லிகளில், ஏதோ ஒன்று நேர்கோட்டில் இல்லை. டீச்சரின் கார் இரண்டாவது வகை. என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியாகக் கையால் ஆட்டிப் பார்த்தேன். வோட்டர் பம்பின் புல்லி மட்டும் ஆடியது. டோச் அடித்துப் பார்த்தால் பம்பின் அடியிலுள்ள சின்னத் துவாரத்தின் வாயில் இளஞ்சிவப்பாக ஒரு பொருக்கு. என்ஜினைக் குளிர்விக்கும் டொயோட்டா கூலன்ட் அந்த நிறம்தான், கசிந்து காய்ந்திருக்கிறது. பம்பின் பெயாரிங் தேய்ந்து, புல்லி சாய்ந்து, கசிந்த கூலன்ட் பெல்ட்டின் வரிகளில் தெறித்துக் கண்ணாடிபோல் மினுங்க வைத்திருக்கிறது. இதன்மேல் எத்தனை புது பெல்ட் போட்டாலும் கொஞ்ச நாளில் அதுவும் கத்தும்.

பம்பை மாற்றி, மற்றப் புல்லிகளின் வரிகளைத் துடைத்து, ஒரு பெல்ட் போட்டதோடு முடிந்தது. ஆனால் டீச்சரிடம் அழுத்திச் சொன்னது சத்தத்தைப் பற்றியல்ல. அந்தப் பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் ஓட்டமும் நிற்கும், பற்றரி சார்ஜும் நிற்கும். மாலை நேர காலி வீதி நெரிசலில் என்ஜின் சூடேறி அதன் மேற்பகுதியான ஹெட் போக நெடுநேரம் வேண்டாம்.

பெல்ட்டைக் கண்ணால் பார்த்து "வெடிப்பு இல்லை, நல்லாயிருக்கு" என்று சொல்வதும் பழைய காலத்துப் பழக்கம். இப்போது வரும் பெல்ட்டுகளின் ரப்பர் வேறு. வெடிக்காமலே, டயர்போல வரி தேய்ந்து போகும். தேய்ந்த வரியின் அடி புல்லியில் முட்டும், பிறகு வழுக்கும். அதை அளக்கச் சின்ன பிளாஸ்டிக் கேஜ் ஒன்று இருக்கிறது. சத்தம் போக சவர்க்காரம் பூசுவது, மெழுகுதிரி தேய்ப்பது, எண்ணெய் ஸ்பிரே அடிப்பது எல்லாம் வேண்டாம். ஒரு நாள் அடங்கும். எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிக் கெட்டுப்போகும். "நல்லா இறுக்கிவிடுங்கோ" என்று கேட்பதும் வேண்டாம். அளவுக்கு மேல் இறுக்கினால் அல்டர்னேற்றரின் பெயாரிங்கும் பம்பின் பெயாரிங்கும் அடுத்து கத்தும்.

ஹைப்ரிட்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டொயோட்டா அக்குவாவில் இப்படி வெளியே ஓடும் பெல்ட்டே கிடையாது. ஏசியும் வோட்டர் பம்பும் மின்சாரத்தில் ஓடுகின்றன, அல்டர்னேற்றரும் இல்லை. அக்குவாவுக்கு ஃபேன் பெல்ட் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மிதிக்கும்போது வரும் மெல்லிய மின்சார ரீங்காரம் அதன் இயல்பு. பின்பக்கமிருந்து காற்றடிக்கும் இரைச்சல் கேட்டால், பின் சீற்றின் கீழே உள்ள பற்றரி ஃபேனின் வாயைப் பாருங்கள். தூசியோ, பிள்ளைகளின் பையோ அடைத்திருக்கும். சுசுகி வாகன்ஆர் வேறு கதை. 2014இல் வந்த மைல்ட் ஹைப்ரிட் வகையில், சிக்னலில் நின்ற என்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவதும் மிதிக்கும்போது கைகொடுப்பதும் பெல்ட்டில் ஓடும் ஒரே மோட்டார்தான். சாதாரணக் காரின் பெல்ட் ஒரு பக்கம்தான் இழுபடும்; இதில் இரண்டு பக்கமும். மலிவுப் பெல்ட் ஒன்றைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சிக்னலிலும் கீச்சிடுகிறது என்று வருகிறார்கள். பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்காமல் அதற்கு முடிவில்லை.

பெல்ட்டுக்கு அடுத்த சந்தேகம் எக்ஸோஸ்ட். அதன்மேல் மூடியிருக்கும் மெல்லிய தகரத்தின் நட்டுகள், கடற்கரைப் பக்கக் கார்களில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் "ட்ர்ர்ர்" என்று அதிர்ந்து அடங்கினால் பெரும்பாலும் அதுதான். ஒரு கிளிப்பும் அகலமான வாஷரும் போதும். ஆனால் குழாய்கள் சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருந்தால் விளையாட்டல்ல. மிதிக்கும்போது அழுத்தம் ஏறி, அந்த இடுக்கால் குருவி கத்துவதுபோல் வெளியேறும். காலையில் குளிராக இருக்கும்போது கூடவும், சூடாகி இரும்பு விரிந்ததும் குறைவாகவும் கேட்கும். அந்தக் கசிவு உள்ளே வந்தால், அதிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஏசி போட்டுக் கண்ணாடி மூடி ஓடுகிற ஊர் இது. தலையிடி வருகிறது என்று யாராவது சொன்னால் கண்ணாடியைத் திறந்துவிட்டு, நேராகக் கராஜுக்குப் போங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மவுண்ட் போன கார் பெரும்பாலும் கீச்சிடுவதைவிட 'டொக்' என்றுதான் சொல்லும், கியர் மாற்றும்போது ஸ்டியரிங்கும் நடுங்கும். இறுகிய ரப்பர் சிலவேளை முனகும். சோதிப்பது கராஜில் நடக்க வேண்டிய வேலை: பொனட்டைத் திறந்து, பிரேக்கை இறுக்கி மிதித்தபடி கியரை டியில் (D) போட்டு, இரண்டு விநாடி லேசாக மிதித்தால் என்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று தெரியும். காரின் முன்னால் ஆள் நிற்கக் கூடாது. வீட்டு முற்றத்தில் இதைச் செய்யாதீர்கள்.

மவுண்ட் என்றதும் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாவித்ததை வாங்கலாமா என்று கேட்பார்கள். அந்தக் கடைகள் இல்லாவிட்டால் கொழும்பில் பாதிக் கார் ஓடாது. நானும் அங்கே போகிறவன்தான். பிராக்கெற், மூடி, கதவுக் கைப்பிடி எல்லாம் வாங்குங்கள். ரப்பரும் பெயாரிங்கும் வேண்டாம். ஜப்பானில் கழற்றிய மவுண்டுக்கும் உங்கள் காரில் இருப்பதன் வயதுதான்.

இதுவரை என்ஜின் பக்கம். சில்லோடு போகும் கீச்சுக்கு ஒரு வானைச் சொல்கிறேன், கேடிஎச். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர் கொண்டுவந்தார். வெளிக்கிடும்போது "கிச்... கிச்... கிச்", வேகம் கூடக் கூடத் தாளம் நெருங்கும், பிறகு ரோட்டுச் சத்தத்தில் காணாமல் போகும். நிறுத்தி ரேஸ் பண்ணினால் ஒன்றும் இல்லை. பிரேக்கை லேசாக மிதித்தும் மாறவில்லை. மிதித்ததும் நின்றிருந்தால் பிரேக் பாட் தேய்ந்துவிட்டது என்று எச்சரிக்கும் தகடு உரசுகிறது என்று அர்த்தம். வானை உயர்த்தி அடியில் போய்ப் பார்த்தால், பின் சில்லுக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜொயின்றைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவியதுபோல் செம்மண் நிறத் தூள். உள்ளே கிறீஸ் வற்றி, ஊசி பெயாரிங்குகள் துருவாக அரைபடுகின்றன. இதைக் கவனிக்காமல் ஓடினால் ஷாஃப்ட் கழன்று ரோட்டில் விழும். ஏறியிருப்பது பிள்ளைகள். வானை அன்றைக்கே கராஜில் விட்டுவிட்டு வேறு வானுக்குச் சொல்லச் சொன்னேன். முணுமுணுத்தார், ஆனால் விட்டுவிட்டுப் போனார்.

அப்புறம், காருக்குள்ளேயே பிறக்கும் சத்தங்கள். சீற் றெயில், சீற் பெல்ட்டின் கொக்கி, குளோவ் பொக்ஸில் உருளும் பேனா. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, மிதிக்கும்போது ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றால் அதுதான்.

நீங்களே பொனட்டைத் திறந்து பார்ப்பதானால் சாறியின் தலைப்பு, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. என்ஜின் நின்றிருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். ஹைப்ரிட்டில் ரெடி விளக்கு எரிந்தால் என்ஜினே தானாக ஸ்டார்ட் ஆகும். முழுதாக அணைத்துவிட்டு, சாவியை தூரத்தில் வைத்துவிட்டுக் கை வையுங்கள்.

கராஜுக்கு வருமுன் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். "இப்ப முப்பது, ஏசி போட்டிருக்கு, நேராப் போறம்" என்று அவரே அதில் சொல்லிக்கொண்டு வரட்டும். எங்களுக்கு அது அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கும். தேடும் நேரத்துக்கு யாராவது கூலி கேட்டால் கொடுங்கள், பேரம் பேச வேண்டாம். அது ஒரு வேண்டாத அல்டர்னேற்றரின் விலையைவிட எப்போதும் குறைவு. கழற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். கீச்சோடு பற்றரி விளக்கும் எரிந்தால், சூட்டு முள் ஏறினால், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்குக் கோல் எடுங்கள். டாஷ்போர்டுக் கீச்சு என்றால் சம்பளம் வந்தபிறகு வாருங்கள்.