சாவி, திறவுகோல், திறப்பு: கார்க் கதவுக்கு எது பொருந்தும்?

காருக்குள் சாவியை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர் மெக்கானிக்கிடம் போனில் சொல்வது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "சாவி உள்ள இருக்கு, கார் பூட்டிக்கிச்சு." இந்த நிலைமைக்கு ஆங்கிலத்தில் 'லாக் அவுட்' என்று பெயர். அகராதியைப் புரட்டினால் அதற்கு நேராகக் 'கதவடைப்பு' என்று கிடைக்கும். அது ஆலை நிர்வாகம் தொழிலாளர்களை உள்ளே விடாமல் வாசலை மூடுவது. தொழிற்சங்கச் செய்திகளில் வேரூன்றிவிட்ட சொல். கார்ப் பேச்சுக்கு அது ஒத்துவராது. புதிதாக ஒன்றை உருவாக்கவும் வேண்டியதில்லை என்பேன். 'பூட்டிக்கொண்டது' என்பதில் இருக்கும் 'கொள்' என்ற துணைவினையே வேலையை முடித்துவிடுகிறது. யாரும் பூட்டவில்லை, தானாகப் பூட்டியது என்பது அதிலேயே வந்துவிட்டது.

'பூட்டு' என்ற வினைக்கு ஒரு பழைய வாழ்க்கையும் உண்டு. மாட்டை நுகத்தில் பிணைப்பதும் பூட்டுவதுதான். ஏர் பூட்டுவது இன்றும் வழக்கில் இருக்கிறது. மாட்டுவண்டிக் காலத்தில் "வண்டியைப் பூட்டு" என்றால் புறப்படத் தயாராகு என்று பொருள். இன்று அதே இரண்டு சொற்களுக்கு, வண்டியை நிறுத்திவிட்டு வா என்று பொருள். வண்டி மாறியதும் வினை நேரெதிராகத் திரும்பிவிட்டது.

சரி, சாவிக்கு வருவோம். இது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல். அவர்கள் மொழியில் 'சாவே'. இன்றைய லிஸ்பனில் கிட்டத்தட்ட 'ஷாவ்' என்று ஒலிக்கும். அதற்கு மூலம் லத்தீனின் 'கிளாவிஸ்'. லத்தீனில் 'க்ல' என்று தொடங்கும் சில சொற்கள் போர்த்துக்கீசியத்தில் 'ச' ஒலிக்கு மாறின. அந்த வழியில் கிளாவிஸ் சாவே ஆனது. பிரெஞ்சின் 'க்ளே'யும் அதே வேரில் வந்தது. ஜன்னல், அலமாரி, மேசை, சாவி என்று வீட்டுப் பொருள்களாகவே இந்தச் சொற்கள் தமிழுக்குள் வந்ததைக் கவனியுங்கள். இந்தியில் 'சாபி' என்பதும் இதே போர்த்துக்கீசியச் சொல்தான்.

ஆனால் தமிழுக்குச் சொந்தமான இன்னொரு சாவியும் உண்டு. 'சா' என்ற வினையடியாகப் பிறந்தது. மணி பிடிக்காமல் போன பயிரையும் பதரையும் குறிப்பது. "பயிரெல்லாம் சாவியாப் போச்சு" என்று விவசாயி சொல்லும்போது அதில் போர்த்துக்கல் இல்லை. இரண்டும் ஒரே ஒலி, வேறு வேறு சொல்.

பூட்டைத் திறக்கும் பொருளுக்குத் தமிழ்ச்சொல் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது திறவுகோல். நல்ல சொல். அதைவிட எனக்குப் பிடித்தது தாழ்க்கோல். தாழ் என்பது கதவின் தாழ்ப்பாள், அதை நகர்த்தும் கோல் தாழ்க்கோல். மலையாளத்தில் சாவிக்கு இன்றும் 'தாக்கோல்' என்றுதான் பெயர். அது இந்தத் தாழ்க்கோலேதான். திறவுகோல், தாழ்க்கோல் இரண்டிலும் கோல் இருப்பது தற்செயல் அல்ல. நீண்ட கம்பியையோ குச்சியையோ துளைவழியே விட்டுத் தாழை நெம்பியவர்கள் வைத்த பெயர்கள் அவை.

இப்போது கார்ச் சாவியைப் பாருங்கள். கோல் எங்கே? உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதில் இரண்டு மூன்று பொத்தான்கள். 'ரிமோட்' என்கிறோம். இதைத் திறவுகோல் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. இங்கேதான் ஈழத் தமிழ் கைகொடுக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சாவிக்குப் பெயர் 'திறப்பு'. "திறப்பை எங்க வச்சனீ?" என்று கேட்பார்கள். திறப்பது எதுவோ அது திறப்பு. கோலாக இருக்கலாம், அட்டையாக இருக்கலாம், ரேடியோ அலையாகவும் இருக்கலாம். பொருளின் உருவத்தைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்வதால் இந்தச் சொல்லுக்கு வயதாவதில்லை. தமிழ்நாட்டில் எழுதுகிறவர்கள் இதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கோல் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 1980-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் சில மாடல்களின் ஓட்டுநர் பக்கக் கதவில் எண்பொத்தான்களை வைத்தது; எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். 1982-இல் பிரான்சின் ரெனோ ஃபியூகோ கையடக்க ரிமோட்டுடன் வந்தது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரைச் சுருக்கித்தான் பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டுக்குப் 'ப்ளிப்' என்று பெயர் வைத்தார்கள். 1998-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்த 'கீலெஸ் கோ', ரிமோட்டைப் பையிலிருந்து எடுக்கும் வேலையையும் குறைத்தது.

இந்தக் 'கீலெஸ்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்துச் 'சாவியற்ற நுழைவு' என்று எழுதுகிறார்கள். அது தவறான படத்தைத் தருகிறது. சாவி இருக்கிறது, சட்டைப்பையில் இருக்கிறது. அதை நாம் எடுப்பதில்லை, அவ்வளவுதான். கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய தாழ் அலையில் ஓர் எண்ணை அனுப்பிக் கேள்வி கேட்கிறது. அது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. கேட்ட ரிமோட் விழித்து, தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டால் அந்த எண்ணுக்கு விடை கணக்கிட்டு உயர் அலையில் திருப்பி அனுப்புகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அது பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸ். விடை சரியென்றால் கதவு திறக்கும். ஆக, திறக்கவைப்பது நெருக்கம். அதனால் இந்த முறைக்கு 'அணுகுதிறப்பு' என்று பெயர் வைக்கலாம். திறப்பு என்பது கருவியையும் செயலையும் சேர்த்தே குறிப்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.

ஆனால் அந்த நெருக்கத்தைப் பொய்யாகவும் உண்டாக்க முடியும். வீட்டு வாசலருகே ஒருவர், காரருகே ஒருவர் என்று நின்று காரின் அலையைக் கருவி வழியே வீட்டுக்குள் கடத்தினால், அறைக்குள் கிடக்கும் ரிமோட் கார் பக்கத்தில் இருப்பதாக எண்ணிப் பதில் சொல்லிவிடும். சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் சோதித்தார்கள், பத்தும் திறந்தன. அலை போய்வரும் நேரத்தை அளந்து உண்மையான தூரத்தைக் கணக்கிடும் அல்ட்ரா வைட்பேண்ட் முறை இப்போது சில புதிய கார்களில் வருவது இதைத் தடுக்கத்தான்.

அப்புறம், கோல் போய்விட்டது என்றேன் அல்லவா? முழுக்கப் போகவில்லை. பெரும்பாலான ரிமோட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். அதை நகர்த்தி இழுத்தால் உள்ளேயிருந்து மெல்லிய உலோகச் சாவி வெளியே வரும். ரிமோட்டின் 3 வோல்ட் வில்லை பேட்டரியோ காரின் பேட்டரியோ தீர்ந்துபோனால் கதவைத் திறக்க அதுதான் வழி. சாவித்துளை சில மாடல்களில் கைப்பிடியின் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ரிமோட் பேட்டரி மட்டும் தீர்ந்திருந்தால், உள்ளே போனதும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பல மாடல்களில் கார் அந்த நெருக்கத்தில் ரிமோட்டுக்குள்ளிருக்கும் சில்லுக்குத் தானே மின்சாரம் தந்து படித்துக்கொள்ளும். ரிமோட்டை வைக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையேடு கிடப்பது பூட்டிய காருக்குள்.