அணிசேராமையை நடுநிலை என்று எழுதாதீர்கள்

உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து நம் தொலைக்காட்சிச் செய்திகளில் ஒரு வாக்கியம் ஓயாமல் வருகிறது: ‘இந்தியா நடுநிலை வகித்தது’. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்து வந்த தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன, 5 நாடுகள் எதிர்த்தன, இந்தியா உட்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. நடந்தது அவ்வளவுதான். அதை அப்படியே எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ‘நடுநிலை’ என்று எழுதியதும் அது பாம்பன் டீக்கடை வரை வந்து விவாதமாகிவிடுகிறது. நேரு காலத்திலிருந்தே நாம் நடுநிலை நாடுதானே என்கிறார் ஒருவர். அப்படியானால் ரஷ்யாவிடம் எதற்கு ஆயுதம் வாங்குகிறோம் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. வேறு வேறு பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத் தூக்கிக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் மீதுதான் தப்பு.

நேரு சொன்ன கொள்கையின் பெயர் அணிசேராமை. ஆங்கிலத்தில் ‘நான் அலைன்மென்ட்’. ‘அலைன்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் லத்தீன் ‘லினியா’, அதாவது நூல். நூல் பிடித்து வரிசையாக நிறுத்துவது, அதிலிருந்து ஒரு பக்கத்தாரோடு வரிசை கட்டி நிற்பது என்று பொருள் விரிந்தது. நம் ‘அணி’யும் வரிசைதான், படைவகுப்புதான். இடைக்கால அரசில் பொறுப்பேற்ற கையோடு 1946 செப்டம்பர் 7 அன்று வானொலியில் பேசிய நேரு, ஒன்றுக்கொன்று எதிராக அணிவகுத்து நிற்கும் வல்லரசுக் கூட்டங்களின் அதிகார அரசியலிலிருந்து கூடியவரை விலகியிருப்போம் என்றார். இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் அமையாது.

‘கூட்டுசேராமை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பெரிய பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1961 செப்டம்பரில் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் 25 நாடுகள் கூடி ஓர் இயக்கமாகவே கூட்டுச் சேர்ந்துவிட்டன. கூட்டுசேரா நாடுகளின் கூட்டு என்று எழுதும்போது பேனா இடறுகிறது. அணி என்பது போருக்கு நிற்கும் வரிசை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இதை இதோடு விடலாம். என் சண்டை நடுநிலையோடுதான்.

ஆங்கிலத்தில் ‘நியூட்ரல்’ என்று ஒரு நாட்டைச் சொன்னால் அதற்குச் சட்டப் பொருள் உண்டு. 1907-இல் ஹேக் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கைகள் அதன் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கின்றன. போரிடும் நாடுகளின் படைகள் அப்படிப்பட்ட நாட்டின் மண் வழியாகப் போகக் கூடாது. அந்த நாடும் விடக் கூடாது. 1839 உடன்படிக்கைப்படி பெல்ஜியம் அப்படி ஒரு நாடு. 1914 ஆகஸ்டில் ஜெர்மனி வழி கேட்டபோது மன்னர் ஆல்பர்ட் மறுத்தார், நாடு படையெடுப்பைச் சந்தித்தது. 1815-இல் தன் நிலைக்கு ஐரோப்பிய வல்லரசுகளின் ஒப்புதலைப் பெற்ற சுவிட்சர்லாந்து, ஐ.நா.வில் சேர்வதற்கே 2002 வரை தயங்கியது. இப்படிப்பட்ட நாடுகளுக்கெல்லாம் போர் என்பது ஒதுங்கியிருக்க வேண்டிய ஒன்று. அதைப் பற்றி நாள்தோறும் கருத்துச் சொல்வது அவற்றின் வேலை இல்லை.

பெல்கிரேடில் கூடியவர்களை இந்தச் சட்டத்துக்குள் அடைத்துப் பாருங்கள். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ 1948-இல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டு அமெரிக்க ராணுவ உதவி வாங்கினார். 1954-இல் நேட்டோ உறுப்பினர்களான கிரீஸ், துருக்கியோடு பாதுகாப்பு ஒப்பந்தமே போட்டார். எகிப்துத் தலைவர் நாசர் 1955-இல் செக்கோஸ்லோவாகியா வழியாக சோவியத் ஆயுதம் வாங்கினார், உள்நாட்டில் கம்யூனிஸ்டுகளைச் சிறையில் அடைத்தார். நேரு 1956-இல் சூயஸ் படையெடுப்பை உடனே கண்டித்தார். அதே நவம்பரில் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது தயங்கினார், கண்டனத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்கவில்லை. 1962-இல் சீனப் படை இறங்கி வந்ததும் அமெரிக்காவிடம் உதவி கேட்டார். இந்திரா காந்தி 1971 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, டிசம்பரில் போருக்குப் போனார். இவர்களில் யாரை நடுநிலையாளர் என்பது? ஒருவரும் ஒதுங்கவில்லை. எந்தப் போரில் யார் பக்கம் பேசுவது என்பதை மாஸ்கோவும் வாஷிங்டனும் முடிவு செய்யக் கூடாது, நாங்களே செய்வோம் என்றார்கள். அந்த முடிவுகளில் சில சரி, சில தவறு. ஹங்கேரி விஷயத்தில் நேரு தவறினார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர் நடுநிலை தவறினார் என்று விமர்சிப்பது, ஏற்காத விரதத்தை முறித்ததாகக் குற்றம் சாட்டுவது.

சரி, நடுநிலை என்றால் தமிழில் என்னதான் பொருள்? திருக்குறளில் ‘நடுவு நிலைமை’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது.

சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி.

தராசுக் கோல் ஒதுங்கி நிற்பதில்லை. இரண்டு தட்டையும் தாங்கி, எடை எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்த அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் பரிமேலழகர் பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியினும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்கும் நிலைமையே நடுவு நிலைமை என்கிறார். மூன்று பகுதி என்கிறார், கவனியுங்கள். பகைவன் ஒரு பக்கம், நண்பன் ஒரு பக்கம், பகையும் நட்பும் இல்லாதவன் நொதுமல். இந்த மூவரிடமும் அறம் தவறாமல் நடப்பவனுக்குத்தான் நடுவு நிலைமை. ஆக, ‘நியூட்ரல்’ நாட்டுக்குத் தமிழ் நூற்றாண்டுகளுக்கு முன்பே வைத்திருக்கும் சொல் நொதுமல். சங்கப் பாட்டில் நொதுமலர் என்றால் அயலார். அணுவில் மின்னூட்டம் இல்லாத துகளுக்கு ‘நொதுமி’ என்று பெயர் வைத்தவர்கள் இதே வேரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அறிவியல்காரர்கள் கண்ட சொல் செய்தி ஆசிரியர்கள் கண்ணில் படவில்லை.

எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. நாட்டுப்படகுக்காரர் வலையை விசைப்படகு அறுத்துவிட்டால் ஊர்க்கூட்டம் போடுவார்கள். இரு தரப்பையும் கேட்டு, நஷ்டம் இவ்வளவு, இவர் தர வேண்டும் என்று சொல்பவர் நடுநிலையாளர். தனக்கும் அந்தத் தகராறுக்கும் சம்பந்தமில்லை, இரண்டு பக்கமும் உதவ மாட்டேன் என்று இருப்பவர் நொதுமலர். இரண்டு சங்கத்திலும் சேராமல், இன்றைக்கு இவர் சொல்வது நியாயம், நாளைக்கு அவர் சொல்வது நியாயம் என்று தன் வாயால் பேசுபவர் அணிசேராதவர். மூன்று பேரையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் கூட்டமே நடக்காது.

அக்கரையில் இலங்கைப் பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா விஷயத்திலும் இந்தப் பிரிவினை வேண்டும். 1962 டிசம்பரில் இந்திய சீனப் போருக்குப் பின் ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டி, இரு நாட்டுக்கும் சமரச யோசனை சொன்னார். அந்தக் காரியத்துக்கு நடுநிலை என்ற சொல் தகும், ஏனென்றால் அங்கே நடுவராக உட்கார்ந்தார். 1971-இல் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அவர் அரசு இடம் கொடுத்தது. அதற்கும் அதே சொல்லைப் போட முடியுமா? அப்போதும் இலங்கை அணிசேரா நாடுதான், 1976-இல் அந்த இயக்கத்தின் உச்சி மாநாட்டையே கொழும்பில் நடத்தியது. கச்சத்தீவை 1974-இல் இந்திரா விட்டுக்கொடுத்ததற்கு நம் நடுநிலைக் கொள்கைதான் காரணம் என்று மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதே வயிறு எரிகிறது. அணிசேராமை வல்லரசுகளின் இழுபறிக்குச் சொன்ன பதில். பாக் நீரிணையில் கோடு எங்கே போடுவது என்பதற்கு அதில் பதில் கிடையாது. கச்சத்தீவு முடிவுக்கு அந்த இரண்டு தலைவர்களின் கணக்குகளைத்தான் கேள்வி கேட்க வேண்டும். தப்பான சொல் அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது.

அணிசேராமைக்குக் குறளில் மேற்கோள் வேண்டுமென்று கேட்பவர்கள் நடுவு நிலைமை அதிகாரத்தை விட்டுவிட்டுப் பகைத்திறம் தெரிதல் அதிகாரத்துக்குப் போகலாம்.

தேறினும் தேறா விடினும் அழிவின்கண்
தேறான் பகாஅன் விடல்.

தனக்கு நெருக்கடியான நேரத்தில், முன்பே ஆராய்ந்து அறிந்த பகைவனோ அறியாதவனோ, அவனோடு சேரவும் வேண்டாம், முற்றாக விலகவும் வேண்டாம், அப்படியே விட்டுவை என்கிறார். புதிதாக விடுதலை பெற்று, கையில் காசும் படையும் குறைவாக இருந்த ஒரு நாட்டின் பிரதமர் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

இந்தக் குழப்பத்தின் உச்சத்தை 2024 ஆகஸ்டில் பார்த்தோம். பிரதமர் மோடி கீவ் நகரில், இந்தியா ‘நியூட்ரல்’ ஆக இருக்கவில்லை, அமைதியின் பக்கம் நின்றது என்றார். அதை வழக்கமான சொல்லாலேயே தமிழாக்கினால் ‘இந்தியா நடுநிலை வகிக்கவில்லை’ என்றாகும். இரண்டரை ஆண்டு வாக்கெடுப்புதோறும் ‘இந்தியா நடுநிலை வகித்தது’ என்று படித்தவர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? பிரதமர் பொய் சொல்கிறார் என்பார், அல்லது கொள்கை மாறிவிட்டது என்பார். ஐ.நா. செய்திக்கு ‘வாக்களிக்காமல் விலகி நின்றது’ என்றும், கீவ் பேச்சுக்கு ‘நொதுமலாக இருக்கவில்லை’ என்றும் எழுதியிருந்தால் இரண்டு செய்தியும் ஒன்றையொன்று இடிக்காது. நொதுமல் வாசகருக்குப் புரியாது என்று தயங்கினால் ‘ஒதுங்கி நிற்கவில்லை’ என்று எழுதட்டும், அதுவும் நல்ல தமிழ்தான். சட்டமன்றத்திலும் நகராட்சியிலும் வாக்குப் போடாத உறுப்பினருக்கு ‘நடுநிலை வகித்தார்’ என்று பட்டம் கொடுப்பதையும் அப்படியே நிறுத்தட்டும். அவர் வாக்குப் போடவில்லை. செய்தி அதுதான்.