முழங்கை வலியும் ஃப்ளை தூண்டில் வீச்சும்

முழங்கையின் வெளிப்பக்க வலியோடு இயன்முறை சிகிச்சைக்காக என்னிடம் வருவோரில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் தறிகளிலும் வேலை செய்கிறவர்களே அதிகம். சேலத்தில் அது இயல்புதான். அவர்களுக்கு நடுவே எப்போதாவது, ஏற்காட்டுப் புல்வெளிகளில் ஃப்ளை ராட் (இறகு சுற்றிய கொக்கியை வீசி மீன்பிடிக்கும் தூண்டில் கோல்) வீசிப் பழகும் ஒருவரும் வந்து அமர்வதுண்டு. கை வலிக்கிறது என்பதோடு, எவ்வளவு பலமாக வீசினாலும் லைன் (தூண்டில் நூல்) தூரம் போகமாட்டேன் என்கிறது என்றும் அவர் சொல்வார். இந்த இரண்டு குறைகளுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: கோலிடம் விட வேண்டிய வேலையை அவருடைய கை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துச் செல்கிறது. ஃப்ளை தூண்டிலிலோ, இறகு சுற்றிய கொக்கிக்கு எடையே இல்லை எனலாம். வீசப்படுவது லைனின் எடைதான். லைன்களை எடைக்கேற்ப எண்ணிட்டுச் சொல்வார்கள்; 5-ஆம் எண் லைனில் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9 கிராம். இதை அனுப்பத் தோள்பலம் எதற்கு? மெல்லத் தொடங்கி, சீராக வேகமெடுத்து, சட்டென்று நிற்கும் அசைவே போதும். கோல் நின்ற கணத்தில் லைன் அதன் நுனியைத் தாண்டி ஓட, அங்கேதான் லூப், அதாவது லைன் மடிந்து ஓடும் வளைவு, பிறக்கிறது. நிற்கத் தெரியாத கை எவ்வளவு வேகமாக வீசினாலும் அந்த வேகத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

கோலின் நுனி போகும் வழியிலேயே லைனும் போகும். நுனி ஏறத்தாழ நேர்கோட்டில் நகர்ந்தால் லூப் குறுகலாகி, காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும். முன்கை நகராமல் மணிக்கட்டை மட்டும் விசிறினால் நுனி வில்போல வளைந்து சுற்றும், லூப் அகன்றுவிடும், சேர்வராயன் மலையின் எதிர்க்காற்றில் அது பாதியிலேயே சரிந்து விழும். மாறாக, தொடக்கத்திலேயே வெடுக்கென்று பலத்தைக் கொட்டினால் கோல் முன்கூட்டியே வளைந்து நுனி தாழ்கிறது. லைனின் மேல்பகுதி கீழ்ப்பகுதியோடு சிக்கிக்கொள்கிறது. ஆகவே முதலில் முன்கை நகர வேண்டும். கோலைத் திருப்பும் மணிக்கட்டு அசைவு வீச்சின் கடைசிப் பகுதிக்குக் காத்திருக்க வேண்டும். லைன் நீள நீள, கை நகரும் தூரமும் கோல் திரும்பும் கோணமும் கூட வேண்டும். குறுகிய லைனுக்குச் சிறிய அசைவே போதும்.

நான் முதலில் பார்ப்பது கட்டைவிரலைத்தான். தக்கைப்பிடியின் மேல் அது பதிந்திருக்கும்போது நகம் வெளுத்துப்போயிருந்தால், பிடி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள். விரல்கள் எதையாவது இறுகப் பற்றும்போது மணிக்கட்டு மடங்காமல் தாங்குவதற்கு முன்கையின் பின்புறத் தசைகள் உழைத்தே ஆக வேண்டும். அந்தத் தசைகள் வந்து சேரும் இடம் முழங்கையின் வெளிப்புற எலும்புமுனை. நாள் முழுவதும் இறுகிய பிடியோடு வீசுபவருக்கு அங்கே வலி வருவதில் வியப்பில்லை. கைதேர்ந்த பட்டறைக்காரர் சுத்தியலை ஓங்கும்போது தளர்வாகவும் அடி விழும்போது மட்டும் இறுக்கமாகவும் பிடிப்பதுபோல, கோலையும் நிறுத்தும் கணத்தில் மட்டும் இறுக்கினால் போதும். கோலும் அப்போது இன்னும் தெளிவாக நிற்கும்.

தோள்வலிக்கு வேறு காரணம் இருக்கிறது. தூரம் வேண்டும் என்ற ஆசையில் முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் சாய்ப்பவர்களுக்குத் தோள்மூட்டின் மேற்புறத் தசைநாண்கள் திரும்பத் திரும்பச் சுமையேற்கின்றன. முழங்கை உடலுக்கு முன்னால், தோள்மட்டத்துக்குக் கீழே இருப்பதே பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான நிலை.

பின்வீச்சில், அதாவது லைனை முதலில் பின்னால் வீசும்போது, அது முழுதும் விரியும்வரை காத்திருக்காமல் முன்னே இழுப்பவர்களும், இழுக்கும் முன்பே கையைத் தம்மையறியாமல் முன்னால் நகர்த்திவிடுபவர்களும், இழந்த தூரத்தை ஈடுகட்டப் பலத்தைக் கூட்டுகிறார்கள். தலையைத் திருப்பி லைனைப் பார்த்துவிட்டு வீசுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கோலின் நுனியைத் தாழ்த்தி, இடக்கையால் லைனின் தொய்வை எடுத்த பிறகே வீச்சைத் தொடங்க வேண்டும். தொய்வு இருந்தால் அசைவின் முதல் பாதி அதை இழுத்து நேராக்குவதிலேயே போய்விடும்.

பழகும்போது கொக்கிக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். புல்தரையாக இருந்தாலும் கண்ணாடி அணியுங்கள், தொப்பி போடுங்கள்.

வலி ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு வீச்சைத் தொடர வேண்டாம். வலியைத் தூண்டும் அளவைக் குறைத்து, முன்கைத் தசைகளுக்குப் படிப்படியாகச் சுமை கூட்டும் பயிற்சிகளை இயன்முறை சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்வது நல்லது. கை மரத்துப்போதல், பிடி வலுவிழத்தல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் தோள்வலி ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். திரும்ப வீசத் தொடங்கும்போது எடை குறைந்த கோலோடும் குறுகிய லைனோடும் தொடங்குங்கள். மறுநாள் காலையில் வலி கூடாமல் இருந்தால் மட்டும் லைனைச் சிறிது நீட்டலாம்.