கடவுச்சொல் கேட்கும் அந்த ஒரு நிமிடம்

சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். அண்மையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பிடிஎஃப் கோப்பை வேர்டுக்கு மாற்ற வேண்டி, ஊழியர் ஒருவர் இணையத்தில் தேடியிருக்கிறார். முதலில் வந்தது விளம்பரம். அதையே இறக்கி, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். கேட்ட மென்பொருளோடு கேட்காத மூன்றும் வந்து உட்கார்ந்துவிட்டன. பிரவுசரின் முகப்புப் பக்கமே மாறியிருந்தது. "ஏதோ அனுமதி கேட்டது சார், எஸ் கொடுத்துவிட்டேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் கொடுத்திருந்தது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. விண்டோஸை நிறுவும்போது முதலில் உருவாகும் கணக்கு அதுதான். பல அலுவலகங்களில் கடைசிவரை அதிலேயே வேலை ஓடுகிறது. அதில் 'எஸ்' ஒன்றே போதும், வந்த மென்பொருள் கணினி முழுவதையும் தொடலாம். சாதாரணக் கணக்கில் அதே இடத்தில் அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

அதற்காக எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டச் சொல்லவில்லை. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்டது. சலித்துப்போன பலர் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். 2009இல் விண்டோஸ் 7 அந்தக் கேள்விகளைக் குறைத்தது. தொல்லை மிகுந்தால் மனிதர்கள் சுற்றுவழி தேடுவார்கள். என் அனுபவத்தில், கடவுச்சொல் வைத்திருப்பவர் கூப்பிட்டவுடன் கிடைக்காத அலுவலகங்களில் அது மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கும்.

ஆகவே அந்த அலுவலகத்தில் அனைவருக்கும் சாதாரணக் கணக்கு; கடவுச்சொல் தணிக்கையாளரிடமும் என்னிடமும் மட்டும். அன்றாடம் தேவைப்படும் மென்பொருள்களை அன்றே நிறுவிக் கொடுத்தேன். கோப்பின் வகையைக் காட்டும், பெயரின் கடைசியில் வரும் பின்னொட்டு தெரியும்படியும் மாற்றினேன்; விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்துவிடுவதால் 'பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ' வெறும் 'பில்.பிடிஎஃப்' போலத் தெரியும். எக்ஸ்இ என்று முடிவது ஆவணம் அல்ல, திறந்தால் ஓடும் மென்பொருள். சாதாரணக் கணக்கும் முழுக் கவசம் அல்ல. பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் உள்ளே வந்தால், அந்த ஊழியர் திருத்தக்கூடிய கோப்புகளை எல்லாம் அதனாலும் பூட்ட முடியும். அதனால் வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, உடனே கழற்றி வைக்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அதே ஊழியர் தொலைபேசியில் அழைத்தார். பிரிண்டர் டிரைவர் நிறுவக் கடவுச்சொல் வேண்டுமாம். எந்தத் தளத்தில் இறக்கினீர்கள் என்று கேட்டேன். முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிரிண்டர் நிறுவனத்தின் தளமே அல்ல. சரியான தளத்தைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் பிரிண்டர் ஓடியது.