பம்பர் உரசலுக்குக் கிளைம் போடும் முன் ஒரு கணக்குப் போடுங்க

முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் வாசலைப் பார்த்தாலே தெரியும். மண்டபத்துப் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் உரசிய வண்டி, பக்கத்துக் காரின் கதவு இடித்து நெளிந்த வண்டி, யாரோ இடித்துவிட்டுச் சொல்லாமல் போன வண்டி என்று வரிசையாக நிற்கும். கோவையானாலும் ஈரோடானாலும் பொள்ளாச்சியானாலும் கேள்வி ஒன்றுதான்: "இன்சூரன்சுல பாத்துக்கலாமுங்களா?" பார்க்கலாம். அதனால் கைக்கு லாபமா நஷ்டமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கிளைம் வாங்கிக்கொண்டு போய், பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரீமியம் எகிறியிருப்பதைப் பார்த்த பிறகு சண்டைக்கு வருகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வேலையில் இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சண்டையில் முதலில் வருவது இதுதான்: "தப்பு அவன் மேலங்க. நின்ன வண்டியில வந்து இடிச்சான். எம் போனஸ் எதுக்குங்க போகோணும்?"

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருஷத்துக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, தப்பு யார் மேல் என்று பார்ப்பதே இல்லை. உங்கள் பாலிசியின் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பகுதியிலிருந்து பணம் வாங்கினீர்களா, இல்லையா என்பது மட்டும்தான் கணக்கு. நீங்களே தூணில் இடித்தாலும், நின்ற வண்டியில் இன்னொருவர் இடித்தாலும், தென்னை மட்டை விழுந்து பானெட் நெளிந்தாலும், ஆளே தெரியாமல் யாரோ கீறிவிட்டுப் போனாலும், வாங்கினால் அடுத்த வருஷம் போனஸ் பூஜ்யம். நீங்கள் நல்ல டிரைவர் என்பதற்குத் தரும் பரிசு அல்ல அது.

"அப்ப இடிச்சவன் இன்சூரன்சுல வாங்கிக்கறேன்" என்பது அடுத்த பேச்சு. சட்டத்தில் வழி இருக்கிறது. காருக்கான தேர்டு பார்ட்டி பாலிசி, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக ₹7.5 லட்சம் வரை பொறுப்பேற்கும். ஆனால் அந்தக் கம்பெனி ஆபீசுக்கு நேராகப் போய் பில்லை நீட்டிப் பணம் வாங்கிவர முடியாது. போலீசில் புகார், பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், வக்கீல், வாய்தா. ₹5,000 பம்பருக்கு யார் அலைவது? ஆகவே பார்க்கிங் உரசலில் நடைமுறையில் மூன்றே வழிதான்: இடித்தவர் கையில் தருவது, நீங்களே செலவு செய்துகொள்வது, உங்கள் ஓன் டேமேஜில் கிளைம் போடுவது.

இனி கணக்கு. கிளைம் இல்லாத வருஷங்களுக்குப் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். இது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும். தேர்டு பார்ட்டிப் பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. போனஸ் கழிப்பதற்கு முன் உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் ₹8,000 என்று வையுங்கள். நீங்கள் 50 சதவீதப் படியில் இருக்கிறீர்கள். ஒரு கிளைம் போட்டால் அடுத்த வருஷம் ₹4,000 இழப்பு. அதோடு முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் 20 சதவீதம்தான் கிடைக்கும், இழப்பு ₹2,400. பிறகு ₹2,000, ₹1,200, ₹400. பழைய படிக்குத் திரும்பி ஏறுவதற்குள் ₹10,000 போய்விடும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் ₹11,800. வண்டியின் மதிப்பு வருஷாவருஷம் இறங்குவதால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். எல்லோரும் முதல் வருஷத்து ₹4,000-ஐ மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கிளைமில் கைக்கு வருவது எவ்வளவு? புதுப் பம்பர் ₹6,000, பெயின்டிங் ₹4,000, கழற்றி மாட்டும் கூலி ₹1,500, மொத்தம் ₹11,500 எஸ்டிமேட் என்று வைப்போம். பாகம் பழசானதற்காகக் கழிக்கும் தேய்மானம் பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம், ஆக பம்பருக்கு ₹3,000 மட்டும். பெயின்டிங் பில்லில் கால்வாசியைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக ₹3,500. கூலி முழுசாகக் கிடைக்கும். இந்த ₹8,000-லிருந்து ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ₹1,000 போகும் (1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு ₹2,000). கைக்கு வருவது ₹7,000. அதற்காக விட்டுக்கொடுப்பது ₹10,000.

"நம்முளுது பம்பர் டு பம்பருங்க" என்பவர்களுக்கும் இதே கணக்குதான். அதுதான் ஜீரோ டெப். அதில் தேய்மானம் பிடிக்கமாட்டார்கள், ₹10,500 வரும். போனஸ் இழப்பை ஜி.எஸ்.டி.யோடு பார்த்தால் இன்னும் கைக்காசுதான் போகிறது. பல பாலிசிகளில் வருஷத்துக்கு இத்தனை முறைதான் ஜீரோ டெப் என்று வரம்பும் உண்டு. அதை ஒரு கீறலுக்குச் செலவழித்துவிட்டுப் பெரிய அடிக்கு முழிக்காதீர்கள். ஆன்லைனில் பிரீமியத்தைக் குறைக்க 'வாலன்டரி டிடக்டிபிள்' (சேதத்தில் இவ்வளவை நானே ஏற்கிறேன் என்று ஒப்புக்கொள்வது) என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால் ₹2,500 முதல் ₹15,000 வரை கூடுதலாகக் கழியும். பாதிப் பேருக்கு டிக் செய்ததே தெரியாது.

எப்போது கிளைம் சரி? இந்தப் பாலிசி வருஷத்திலேயே ஏற்கனவே ஒரு கிளைம் வாங்கியிருந்தால் போனஸ் போனது போனதுதான், இரண்டாவதைப் போடத் தயங்க வேண்டியதில்லை. கிளைம் போட்டாலும் போனஸைக் காக்கும் 'போனஸ் புரொடெக்ட்' எடுத்திருந்தால் அதன் நிபந்தனையைப் படித்துவிட்டுப் போடலாம். மற்றவர்கள், சேதம் பம்பரோடு நின்றதா என்று முதலில் பாருங்கள். முன்பக்கம் அடிபட்டால் பம்பருக்குப் பின்னாலேயே ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கின்றன. வண்டிக்கடியில் கூலன்ட் சொட்டுகிறதா, ஏசி குளிர்கிறதா, ஹெட்லைட் ஆடுகிறதா? பின்பக்கம் என்றால் டிக்கி மூடும்போது இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா, சென்சார் கத்துகிறதா? எல்.ஈ.டி. ஹெட்லைட் ஒன்று போனாலே எஸ்டிமேட் எங்கேயோ போய்விடும். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள், சர்வே முடியும்வரை டிங்கரிங் கடையில் கைவைக்க விடாதீர்கள். பட்டி பூசிய பிறகு எங்களால் எதையும் மதிப்பிட முடியாது. தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து நியாயமான கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2011-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை நம்பி வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம். எஸ்டிமேட் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தால், கிளைமைத் திரும்பப் பெற்றதாக எழுதிக்கொடுத்து, பணம் தராமல் மூடியதாக மெயில் வாங்கி வையுங்கள். கிளைம் நிலுவையில் இருந்தால் போனஸ் கிடைக்காது.

2018 செப்டம்பருக்குப் பிறகு புதுக் கார் வாங்கியவர்கள் ஒன்றைப் பாருங்கள். வாங்கும்போதே எடுத்த மூன்று வருஷ இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டிக்குத்தான். ஓன் டேமேஜை ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், அதற்குப் பின் புதுப்பிக்காத வண்டிக்குப் பம்பரும் கிடையாது, கதவும் கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் சிலர் சொல்லித்தருவார்கள்: "பழைய கீறலையும் சேத்து ஒரே கிளைமுல போட்டர்லாமுங்க." வேண்டாம். புதுக் கீறலின் ஓரத்தில் பெயின்ட் துகள் எழும்பி நிற்கும், நகத்தால் தடவினால் தட்டும். பழைய கீறலில் பாலிஷும் தூசியும் படிந்து கறுத்திருக்கும், தகடு தெரிந்தால் துரு ஏறியிருக்கும். தூணின் மஞ்சள் பெயின்ட் முன் பம்பர் மூலையில் ஒட்டியிருக்க, அதே இடியில் பின்கதவும் நெளிந்தது என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஒவ்வொரு சம்பவமும் தனிக் கிளைம், தனிக் கழிவு. பொய்த் தேதி போட்டால் நியாயமாக வரவேண்டியதும் சேர்ந்து போகும்.

கையோடு பேசி முடிப்பதென்றால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். இரண்டு வண்டியும் நம்பர் பிளேட்டோடு ஒரே படத்தில் விழும்படி போட்டோ, பிறகு சேதத்தின் கிட்டப் படம். ஒரு தாளில் தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண், தொகை, யாருக்கும் காயமில்லை, இத்தோடு தீர்ந்தது என்று எழுதி இருவரும் கையெழுத்து. பணம் யு.பி.ஐ.யில் போகட்டும். இடித்தது நீங்கள் என்றால், இப்படிக் கொடுத்த தொகையைப் பின்னால் கம்பெனியிடம் கேட்க முடியாது. எதிராளி தொகையை ஏற்றிக்கொண்டே போனால் தப்பு என்னுது என்று எதிலும் எழுதிக்கொடுக்காமல் கம்பெனிக்குச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதமில்லாமல் பொறுப்பேற்கக் கூடாது என்பது பாலிசி நிபந்தனை. மண்டப மேனேஜரிடம் கேமரா பதிவை அன்றே கேளுங்கள், சில நாளில் அழிந்துவிடும்.

"மாப்ள, வண்டிய எடுத்து ஓரமா உடு" என்று லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவி கொடுக்காதீர்கள். ஓன் டேமேஜ் கிளைம் நிற்காது. பையன் 18 வயசுக்குள் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை சிறையும் ₹25,000 அபராதமும் உண்டு. ஓட்டியவர் பெயரை மாற்றிச் சொல்லலாம் என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் தகடுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும். ரிவர்ஸில் எக்ஸ்எல் வண்டியோடு ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டால், அவர் "ஒண்ணுமில்லீங்க தம்பி" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாலும், போனஸ் நினைப்பை விடுங்கள். வயதானவர்களுக்கு இடுப்பு அடியும் தலை அடியும் அந்த நேரத்தில் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். காயம்பட்டவருக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்வதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவில் ஓட்டியவரின் கடமை. அந்தக் கடிதத்தில் பாலிசி எண், அது நடப்பில் உள்ள காலம், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம் இருக்க வேண்டும். மெயிலில் அனுப்பி, வந்து சேர்ந்ததற்கான பதிலைப் பத்திரமாக வையுங்கள்.