பேஸ்லைன்: சேர்வரின் வழமை

"சிஸ்டம் இண்டைக்குச் சரியான ஸ்லோ" என்று திருகோணமலை அலுவலகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தால், தரவுத்தளத்தைப் பராமரிப்பவர் முதலில் திருப்பிக் கேட்பது "வழமையா எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்பதைத்தான். இதற்கு வாயால் வரும் பதில் ஊகம். பதிந்து வைத்த அளவீடுகளிலிருந்து வரும் பதிலைத்தான் தொழிலில் பேஸ்லைன் என்கிறார்கள்.

இந்தச் சொல் இரு துண்டுகள் ஒட்டியது. 'பேஸ்' கிரேக்கத்தின் 'பாசிஸ்' என்பதிலிருந்து வந்தது. காலடி, காலூன்றும் பீடம் என்று பொருள். 'லைன்' இலத்தீனின் 'லீனியா'விலிருந்து வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்தது. நம்மூர் மேசன் சுவருக்கு 'நூல் பிடிப்பதும்' அதே நினைப்புத்தான்: முதலில் நூல், அதை வைத்தே கோடு.

இந்தச் சொல் அளவை வேலையில் ஊன்றி நின்றதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதற்குப் பிறகு கோணங்களை அளந்தே முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்க நகர முடிந்தது. அந்த முதற் கோட்டில் பிழை இருந்தால் மேலே எழும் ஒவ்வொரு முக்கோணத்திலும் அது ஏறும். தரவுத்தளக்காரர் கடன் வாங்கியது இந்தப் பொருளைத்தான்: மற்றவற்றை ஒப்பிட, முன்கூட்டியே கவனமாக அளந்து வைத்த ஒன்று.

தமிழில் என்ன சொல்வது? 'அடிக்கோடு' என்றால் எழுத்தின் கீழே இழுப்பது. அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. 'அடிப்படை' மிக அகலம். 'அடிநிலை' என்றால் ஆகக் குறைந்த நிலை என்று காது எடுத்துக்கொள்ளும்; பேஸ்லைன் ஆகக் குறைந்த அளவு அல்ல. 'எல்லை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது முழுப் பிழை. எல்லை நாம் வைப்பது, பேஸ்லைன் சேர்வர் காட்டுவது.

நம் பரிந்துரை 'வழமை'. இலங்கைத் தமிழில் இதற்கு விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத் தமிழரிடையே சொத்திலும் சீதனத்திலும் நடைமுறையில் இருந்த வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் திரட்டி எழுத்தாக்கினார்கள். அதன் பெயர் தேசவழமை. எது நடக்க வேண்டும் என்பதை விட, எது நடந்து வருகிறது என்பதன் பதிவு அது. எழுதி வைத்ததால்தான் வழக்கு வரும்போது எடுத்துக் காட்ட முடிந்தது. சேர்வரின் வழமையும் அப்படியே, எழுதி வைக்காவிட்டால் செல்லாது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. வழமை காலத்தோடு மாறும். மார்கழியில் திருகோணமலைக் கடல் கொந்தளித்தால் யாரும் அதிசயிப்பதில்லை. ஆனியில் அதே அலை எழுந்தால் ஆட்கள் கரைக்கு வந்து பார்ப்பார்கள். சம்பளம் ஓடும் நாளில் சீபியு (சேர்வரின் செயலி) 85 வீதம் வேலையில் இருப்பது வழமை, ஞாயிறு அதிகாலையில் அதே 85 விசாரிக்க வேண்டியது. ஆகவே ஒற்றைக் கோடு போதாது. மேலும் கீழும் விளிம்புள்ள ஒரு பட்டை வேண்டும். அதை 'வழமைப் பட்டை' எனலாம்.

அளவீடு திரட்டும்போது பலர் சறுக்குவது கவுண்டரை, அதாவது சேர்வர் தானே எண்ணிவைக்கும் எண்ணியை, வாசிப்பதில். எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் 'பேட்ச் ரிக்குவெஸ்ட்ஸ் பெர் செக்கண்ட்' (வினாடிக்கு வரும் கட்டளைத் தொகுதிகள்) என்ற கவுண்டரை அதன் உள்காட்சி அட்டவணையில் நேராகப் பார்த்தால், பெயர் சொல்வதுபோல் வினாடிக்கான எண் அங்கே இருக்காது. சேர்வர் எழுந்த நேரத்திலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்தம்தான் இருக்கும். காலை 10:00:00க்கு 48,21,600, பதினைந்து வினாடி கழித்து 48,24,300 என்றால், வித்தியாசம் 2,700. பதினைந்தால் வகுக்க வினாடிக்கு 180. வாசித்த மொத்தத்தை அப்படியே வரைபடமாக்கினால் என்றும் ஏறிக்கொண்டே போகும் மலைச்சரிவு ஒன்றுதான் கிடைக்கும்.

சேர்வர் மறுபடி எழும்போது இந்த மொத்தம் பூச்சியத்துக்குப் போய்விடும். மாரியில் மின் போய், யுபிஎஸ்ஸும் தாங்காமல் விழுந்த இரவுக்கு அடுத்த வாசிப்பில் வித்தியாசம் எதிர்க்குறியில் வரும். அதைத் தள்ளிவிட வேண்டும், பூச்சியம் என்று நிரப்பக் கூடாது. பூச்சியம் என்றால் 'வேலை நடக்கவில்லை', வெற்றிடம் என்றால் 'அளக்கவில்லை', இரண்டும் ஒன்றல்ல. மற்றத் தரவுத்தள மென்பொருள்களில், போஸ்ட்கிரெஸ் ஒழுங்காக நிறுத்தப்பட்டால் தன் புள்ளிவிவரங்களைக் காக்கும், திடீரென்று விழுந்தால் இழக்கும். மைஎஸ்கியூஎல்லின் அளவீட்டுப் பகுதியான பெர்ஃபோமன்ஸ் ஸ்கீமா நினைவகத்திலேயே இருப்பதால் எப்படி நிறுத்தினாலும் போய்விடும். வெளியே எடுத்து வைப்பது கட்டாயம் என்பது இதனால்தான். எடுத்ததை அதே சேர்வரின் அதே டிஸ்க்கில் வைத்தால், அந்த டிஸ்க் நிரம்பும் நாளில் நோயும் நோயேடும் சேர்ந்தே போகும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஒரு செவ்வாயை முந்தைய செவ்வாய்களோடு ஒப்பிடுவதே நியாயம். ஆகவே ஒவ்வொரு கருவியின் இயல்பான தக்கவைப்புக் காலத்தையும் 'எத்தனை செவ்வாய்க்கிழமைகள்' என்று எண்ணிப் பார்த்தால் தெளிவாகும். ஒராக்கிள் தரவுத்தளத்தின் அளவீட்டுக் களஞ்சியமான ஏடபிள்யூஆர் 8 நாள்: ஒப்பிட முந்தைய செவ்வாய் ஒன்றே ஒன்று. (அதற்குத் தனி உரிமக் கட்டணமும் உண்டு, திறக்குமுன் பாருங்கள்.) புரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் 15 நாள்: இரண்டு. எஸ்கியூஎல் சேர்வரில் வினவல்களின் வரலாற்றைப் பதியும் குவெரி ஸ்டோர் 30 நாள்: நான்கு. அதுவும் ஒதுக்கிய இடம் நிரம்பினால் வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய், புதிதாக எதையும் பதியாமல் சும்மா இருக்கும்.

நாங்கள் சொல்வது 35 நாள். ஐந்து செவ்வாய் முழுதாகக் கிடைக்கும். செவ்வாய் 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையே, 15 வினாடிக்கு ஒன்றாக 240 வாசிப்பு. ஐந்து வாரத்துக்கு 1,200. ஏறுவரிசையில் அடுக்கினால் 600ஆவது ஏறத்தாழ இடையம் (நடுவில் நிற்கும் எண்), 120ஆவது பட்டையின் கீழ்விளிம்பு, 1,140ஆவது மேல்விளிம்பு. சராசரியை நம்பாதீர்கள். ஒரு நிமிடம் சீபியு 100 வீதமாக நின்று, மிச்சம் 59 நிமிடமும் 10 வீதமாக இருந்தால் அந்த மணியின் சராசரி 11.5. அந்த ஒரு நிமிடத்தில் அலுவலக வரிசையில் நின்று கத்தியவர் எங்கே போனார்?

எந்த ஆங்கிலக் கைந்நூலிலும் இல்லாத ஒரு வில்லங்கம் நமக்கு உண்டு: போயா எனும் பௌர்ணமி விடுமுறை. மாதந்தோறும் வரும், கிழமை மாறி மாறி வரும். போயா விழுந்த செவ்வாயைக் கணக்கிலிருந்து எடுக்காவிட்டால் கீழ்விளிம்பு தரையைத் தொடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் விழும் பள்ளம் அப்படியல்ல, வாராவாரம் வருவதால் அது வழமைக்குள்ளேயே அடங்கும். சம்பள நாளையும் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய வாரத்தையும் தனியே குறித்து வையுங்கள்.

இடக்கணக்கு பெரிதல்ல. 200 கவுண்டர், 15 வினாடி இடைவெளி என்றால் நாளுக்கு 11 இலட்சத்து 52 ஆயிரம் வரிகள்; வரிக்கு 40 பைட் வைத்தால் 46 மெகாபைட், 35 நாளுக்கு 1.6 கிகாபைட். அதற்குப் பிறகு மணிக்கு ஒரு வரியாகச் சுருக்கி, ஆகக் குறைந்தது, இடையம், ஆகக் கூடியது, வாசிப்பு எண்ணிக்கை நான்கையும் 13 மாதம் வைக்கலாம். இந்தச் சித்திரையை முந்தைய சித்திரையோடு ஒப்பிட 12 மாதம் மட்டுமட்டு. தரவுத்தளத்தின் பருமனும் பேக்கப் எடுத்த நேரமும் நாளுக்கு ஒரு வரிதான், அவற்றை அழிக்கவே வேண்டாம்.

நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், பதியுங்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் இந்த நாட்டின் கடிகாரம் மூன்று முறை மாறியதை மறக்காதவர்கள் இதற்கு வாதாட மாட்டார்கள். ஆனால் நாளாகச் சுருக்கும்போது இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டே சுருக்க வேண்டும். யூடிசி நாள் நமக்குக் காலை 5:30க்குத்தான் பிறக்கிறது. அப்படியே விட்டால் இரவு ஒரு மணிக்கு ஓடிய பேக்கப் முந்தைய நாளின் கணக்கில் விழும்.

பழையதை அழிக்கும் வேலையே சேர்வரை நெரிப்பதும் உண்டு. ஒரே கட்டளையில் ஒரு மாதத்தை அழித்தால் மாற்றங்களைக் குறித்து வைக்கும் லொக் கோப்பு வீங்கும், முழு அட்டவணையும் பூட்டப்படும். எஸ்கியூஎல் சேர்வர் ஏறத்தாழ 5,000 பூட்டுகளில் அட்டவணைப் பூட்டுக்குத் தாவுவதால், 4,000 வரிகளாக அழிப்பது பாதுகாப்பு. நாள்வாரியாகப் பகுத்த அட்டவணை என்றால் பழைய பகுதியை அப்படியே கழற்றி விடலாம்.

மெமரி கூட்டினாலோ பதிப்பை உயர்த்தினாலோ புதிய இன்டெக்ஸ் போட்டாலோ, அந்தத் தேதியோடு பழைய வழமை முடிந்தது. தேதியையும் காரணத்தையும் எழுதிவிட்டு, அடுத்த 35 நாளுக்குப் பட்டையைப் புதிதாகக் கட்டுங்கள். பழையதை அழிக்க வேண்டாம். மாற்றம் பலித்ததா என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒராக்கிளில் மட்டும் ஓர் எச்சரிக்கை. 'எஸ்கியூஎல் பிளான் பேஸ்லைன்' என்று அங்கே வருவது வேறு பொருள்: ஒரு வினவலுக்கு இன்னின்ன செயல்திட்டங்களை மட்டும் எடு என்று ஏற்றுக்கொண்ட தொகுதி. அங்கே வழமை என்று எழுதினால் வாசிப்பவர் தடம் மாறுவார். 'ஏற்ற திட்டத் தொகுதி' என்றே எழுதலாம்.